ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப

எங்கள் ஊர் வீடுகளில் மாலை போட்டுச் சின்ன மின்குமிழ் எரியவிட்டிருக்கும் படம் பெரும்பாலும் அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ எடுத்ததாகத்தான் இருக்கும். ஆள் போன பிறகு அவசரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டு ஓடுவார்கள். அங்கே அதைப் பெருப்பித்து, பின்னால் நீலமோ பச்சையோ பூசி, சட்டைக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுத் தருவார்கள். காது இரண்டும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தலை சாயக் கூடாது என்று கந்தோர் விதி கேட்ட முகம் அது. பேரப்பிள்ளையைக் கண்டதும் அந்த மனிதரின் புருவம் எப்படி உயரும் என்பது அதில் இல்லை. இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் அல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு படமாவது மிஞ்சியதே பெரிய காரியம். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் நெஞ்சோடு பிடித்திருப்பதும் அப்படியான படங்களைத்தான். சிலது கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்த தலை.

முகப்படத்தை நான் விடாமல் பழகுவதற்குக் காரணம் இதுதான். உயிரோடு இருக்கும்போதே, அவரவர் வீட்டு வெளிச்சத்தில், தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வையோடு ஒரு படம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய கைப்பழக்கம் கமராக் கடையில் கிடைக்காது. வாரத்துக்கு வாரம் புது முகம் தேடி ஓடினாலும் வராது. சில முகங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரே ஊரில், மாறிமாறி வருகிற வெளிச்சத்தில் வருசக்கணக்காக எடுத்தால்தான் வரும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் திருகோணமலை அதற்குக் கொடுத்துவைத்த ஊர். நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. கிழக்கே டச்சுக்குடா, மேற்கே உட்துறைமுகம். காலையில் கடலிலிருந்து எழும்புகிற சூரியன் டச்சுக்குடாக் கரையில் நிற்கிற ஆளின் முகத்தில் நேரே விழும். பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் போனால் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் நாடிக்குக் கீழேயிருந்து ஏறும். காலைக்கு ஒரு கரை, மாலைக்கு ஒரு கரை, இரண்டும் நடந்து போகிற தூரம். முகப்படம் பழகுகிற ஒருவர் வேறெந்த ஊரில் இதைக் கேட்டு வாங்க முடியும்?

ஆனால் அந்த வெளிச்சம் நின்று காத்திருக்காது. நாங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். உதித்து ஒரு மணித்தியாலத்தில் பதினான்கு பாகை உயரத்துக்குப் போய்விடும். குளிர்நாட்டுக்காரர் காணொளிகளில் சொல்கிற நீண்ட பொன் வெளிச்சம் எங்களுக்கு அரை மணித்தியாலம்தான். ஏழு மணிக்குப் பிறகு கரையில் நிற்கிற ஆள் கண்ணைச் சுருக்கத் தொடங்கிவிடுவார். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அந்த நேரம் வெட்டையில் ஒருவரை நிறுத்தி எடுத்தால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், நெற்றி மட்டும் வெளுத்துத் தெரியும்.

ஆகவே பகலில் விறாந்தைதான் என்னுடைய ஸ்டூடியோ. கூரையின் நிழல் தரையில் கோடு போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளிக் கதிரையைப் போட்டு, முகம் வெளியே பார்க்க ஆளை உட்கார வைத்தால், வெயில் படாது, ஆனால் வானம் முழுக்க முகத்துக்கு வெளிச்சம் தரும். கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அது விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கமராவைக் கையிலெடுக்க வேண்டும். அது இல்லாத கண் படத்தில் தூங்கிவிடும். கதிரையை இன்னும் நாலடி உள்ளே தள்ளிப் பாருங்கள், வெளிச்சம் குறைவதோடு முகத்தின் ஒரு பக்கம் ஆழமாகும். வயதான முகங்களுக்கு அந்த ஆழம் பொருந்தும். சின்னப் பிள்ளைகளுக்கு விளிம்போரமே நல்லது.

எங்கள் பக்கத்து முற்றங்கள் கூட்டிப் பெருக்கிய வெள்ளை மணல். அது வெளிச்சத்தைக் கீழேயிருந்து மேலே எறியும், நாடிக்கும் கண்ணுக்கும் கீழுள்ள நிழலை மெல்ல நிரப்பும். காசு கொடுத்து வாங்குகிற தெறிப்புப் பலகை செய்கிற வேலையை முற்றம் சும்மா செய்து தருகிறது. அதே நேரம் தரையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கின பழைய வீட்டு விறாந்தை என்றால் கழுத்தடியில் சிவப்பு ஏறும். வேப்பமரத்தடி என்றால் கன்னத்தில் பச்சை பிடிக்கும். தறப்பாள் கட்டின வாடிக்குள் எல்லாரும் நீலம். பிறகு கணினியில் திருத்தலாம் என்பார்கள். முகத்தின் பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம் என்று ஆனபிறகு எந்தத் திருத்தமும் ஒழுங்காக வராது. ஆளைக் கதிரையோடு இரண்டடி நகர்த்துவது அதைவிடச் சுகம்.

தெறிப்புக்கு எனக்கு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தகடு போதும். வன்பொருள் கடையில் ஒரு தகடு வாங்கிப் பாதியாக வெட்டிக்கொண்டால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். யன்னலுக்கு எதிர்ப்பக்கம், கன்னத்துக்கு இரண்டடி தூரத்தில் யாராவது பிடித்துக்கொண்டால் நிழல் பக்கம் உயிர் வரும். பிடிக்கிற வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், உட்கார்ந்திருக்கிற ஆள் பிள்ளையைப் பார்த்தே இளகிவிடுவார். இதற்கு நேர் எதிரான இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கள் மூன்று பக்கமும் இருக்கிற அறையில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெறித்து முகம் தட்டையாகும். அங்கே ஒரு கறுப்புக் குடையை விரித்து ஒரு பக்கம் வையுங்கள். அந்தப் பக்கத் தெறிப்பு செத்துவிடும், கன்ன எலும்பு எழும்பி வரும். கறுப்பால் வெளிச்சம் போடலாம் என்பது நான் கற்றவற்றில் மிகவும் பயன்பட்ட ஒன்று.

பருவமும் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதியும் வெக்கையும், கண் சிவந்துபோயிருக்கும். அப்போது வீட்டுக்குள்ளேதான் வேலை. ஒக்டோபருக்குப் பிறகு வாடை தொடங்கி, மழை முகில் வானத்தை மூடினால், ஊர் முழுக்க ஒரே மெல்லிய வெளிச்சம். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி எல்லாம் ஒன்றுதான். கடல் தொழில் குறைந்து ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். சுற்றுலாக்காரர் வராத மாதங்கள் அவை. முகப்படக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

இனித் தூரம். லென்ஸைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், தூரத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. முகத்தின் அளவுகளை மாற்றுவது தூரம். ஒன்றரை அடியில் நின்று எடுத்தால் மூக்கு கமராவுக்குக் கிட்ட, காது எட்ட. மூக்குப் பெருக்கும், காது பின்னால் ஒளிந்துவிடும். ஒன்றரை மீற்றருக்கு அப்பால் போனால் அந்த வித்தியாசம் அடங்கி, நாங்கள் எதிரே இருந்து கதைக்கும்போது காண்கிற முகம் வரும். லென்ஸின் வேலை அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு சட்டகத்தை நிரப்புவது மட்டும். பெரிய சென்சர் உள்ள கமராவில் 85 மில்லிமீற்றர் லென்ஸையும், சின்னச் சென்சர் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆரில் 50 மில்லிமீற்றர் லென்ஸையும் முகப்படத்துக்குச் சொல்வது இதனால்தான். 50 எஃப் 1.8 லென்ஸ் (எஃப் என்பது லென்ஸின் திறப்பளவு, இலக்கம் சின்னதென்றால் திறப்புப் பெரிது) பாவித்தது வாங்கினால் போதும், நான் இன்னும் அதையேதான் பாவிக்கிறேன்.

போனில் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். போனின் முதன்மை லென்ஸ் அகலமானது, ஏறக்குறைய 24, 26 மில்லிமீற்றருக்குச் சமம். அதைக் கொண்டு கிட்டப் போனால் அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இருக்காது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டுப் பின்னால் வாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் வந்து எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெயிட் வசதியை நான் போடுவதில்லை. காதோரம் பறக்கிற முடியையும் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தையும் கொண்டையில் செருகின பூவையும் அது தின்றுவிடும். எங்கள் அம்மாமாரின் படத்தில் அதெல்லாம் சின்ன விசயங்களா?

உண்மையான லென்ஸ் மங்கலிலும் அளவு வேண்டும். ஒன்றரை மீற்றரில், 50 மில்லிமீற்றரில், எஃப் 1.8 திறந்து எடுத்தால் கூர்மையாக நிற்பது ஆறு சென்ரிமீற்றர் அளவு ஆழம்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகி மறுகண் கரைந்துவிடும். எஃப் 4 வைத்தால் மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை ஏறக்குறையப் பிடிபடும். பின்னணி போதிய அளவு மங்க வேண்டுமென்றால் ஆளைச் சுவரிலிருந்து ஏழெட்டு அடி முன்னால் கொண்டுவாருங்கள். சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு லென்ஸிடம் அற்புதம் கேட்பதில் பயனில்லை. கூர்மையை எப்போதும் கமராவுக்குக் கிட்டவுள்ள கண்ணில் வைக்க வேண்டும். கதைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 200இல் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டவர் என்றால் நாடியை ஒரு விரல் அளவு இறக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் தெறிக்கிற வானம் விலகி உள்ளே கண் தெரியும்.

தோலுக்கு வருகிறேன். இதில் நான் கோபமாகவே எழுதுவேன்.

கமராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சேலை கட்டின அம்மம்மாவை வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருத்தினால், வெள்ளையெல்லாம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும், அவரின் முகம் கரியாகும். குசினி வாசல் இருட்டுக்கு முன்னால் நிற்கிற பெடியனை எடுத்தால், இருட்டு அதிகம் என்று எண்ணித் தூக்கிவிடும், நெற்றி வெந்துபோகும். ஆகவே அளவியை ஆளின் கன்னத்தில் வைத்து அளந்து, கையாலேயே வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும். பிறகு அவர் எந்தப் பின்னணிக்குத் திரும்பினாலும் முகம் மாறாது.

கறுத்த தோலுக்கு உருவம் கொடுப்பது நிழலைவிட மினுக்கம்தான். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியின் ஓரத்திலும் தோல் பிடித்துத் தருகிற அந்த மெல்லிய பளபளப்பில்தான் முகம் செதுக்கப்படுகிறது. பெரிய யன்னல், அகலமான வாசல், முகில் மூடின வானம் போல பரந்த வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் அந்த மினுக்கம் நீளமாக, மென்மையாக விழும். கமராவின் தலையிலுள்ள சின்ன பிளாஷ் நேரே அடித்தால் அதுவே எண்ணெய்ப் பொட்டாகிவிடும். தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரின தலையும் வியர்த்த கழுத்தும் படத்துக்குக் குறையே இல்லை. அவற்றைத் துடைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

நிறப் படச் சுருள் காலத்தில் கழுவுகிற இடங்களுக்குக் கொடக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் நிறம் பார்த்தார்கள், மற்றத் தோல்கள் எப்படி வந்தன என்பது அவர்களுக்குப் பிறகு வந்த கவலை. இப்போது அந்த அட்டை இல்லை. அதன் வேலையை நாங்களே செய்கிறோம். கலியாண அல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். சாமத்தியவீட்டுப் பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கி, தோலின் நுண்துளைகளை மெழுகி, பெரிய பதாகையில் போட்டு வாசலில் கட்டுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் பார்த்து என்ன விளங்கிக்கொள்ளும்? கமரா பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் பொறுப்பிருக்கிறது. நான் தோலின் நிறத்தைத் தொடுவதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் தொடுவதில்லை. முகப்பருவை எடுத்துவிடுவேன், அது அடுத்த மாதம் போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் எடுக்கமாட்டேன்.

எங்கள் நாட்டு மண்ணில் படுத்திருக்கிற ஒரு முகப்படக்காரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த பிறகுதான் கமராவைத் தொட்டார். கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி எடுக்கிற காலம் அது, முன்னால் உட்காருகிறவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கவிஞர் டெனிசன், உயிரியலாளர் டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் என்று அன்றைய பெரிய தலைகளெல்லாம் அவர் முன்னால் உட்கார்ந்தன. 1875இல் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நிறைய. ஒரு பக்க வெளிச்சம், பின்னால் இருண்ட துணி, சட்டகம் நிறைய முகம். நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கும்போது ஆளின் பாவனை மெல்லக் கழன்றுபோவதையும் அவர் படங்களில்தான் முதலில் கண்டேன். ஆனால் அவர் இலங்கையில் எடுத்த படங்களைப் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். இங்கிலாந்தில் எடுத்த பெரியவர்களுக்குப் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பில் ஊரும் குடியானவர் என்ற சொல்லும்தான் உண்டு. அவ்வளவு கூர்ந்து பார்த்த ஒரு கண், பெயரைக் கேட்டு எழுதிவைக்கவில்லை. இன்று அந்த முகங்களின் பேரன், பூட்டன் யார் என்று யாருக்கும் தெரியாது. எனது குறிப்புக் கொப்பியில் படத்தின் இலக்கத்துக்கு முன்னால் பெயர் வருவது இதனால்தான்: ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், திகதி. வெளிச்சம் எப்படி, லென்ஸ் என்ன என்பதெல்லாம் அதற்குக் கீழே.

உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஒரு ஐயா இருக்கிறார். அவர் முகத்தை நான் எடுக்கத் தொடங்கி வருசங்கள் ஆகின்றன. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கண்ணோரத்தில் விழுந்த கோடுகளின் அடி வெளிறியிருக்கும், வெயில் பட்டது மேடுகளில் மட்டும். சிரித்தால் கோடுகள் மூடிக்கொள்ளும். சிரிப்பு முடிந்து முகம் தளர்கிற நேரம் அவை திறந்து, விசிறி விரிந்தாற்போல வெளிறிய வரிகள் தெரியும். அந்தத் தளர்கிற நேரம்தான் படம். இது ஒரு நாளில் எனக்குத் தெரிந்ததில்லை. கோடையில், வாடையில், மடி நிறைய மீன் வந்த காலையில், வெறும் வலை வந்த காலையில் என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்தது. இடது கண்ணை அவர் வலதைவிட அதிகம் சுருக்குவார். கமராவைத் தூக்கியதும் நாடி உயரும். பங்குக் காசு எண்ணி முடிந்து, கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்து வெற்றிலை மடிக்கும்போது நாடி தானாக இறங்கும்.

“என்ன பிள்ளை, போன முறை எடுத்த முகம் காணாதோ?” என்று கேட்டார் ஒருநாள்.

“காணாது ஐயா.”

“அப்ப இரும், வெத்திலையைப் போட்டிட்டு வாறன்.”

ஒரு முகத்தை இப்படித் திரும்பத் திரும்ப எடுக்கும்போது நடப்பது இது. முதல் நாட்களில் ஆளும் புதிது, வெளிச்சமும் புதிது, கமராவும் கைக்குள் அடங்காது. எது பிழைத்தது, எது சரிவந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆள் மாறாமல் இருந்தால் வெளிச்சத்தின் வேலை தெரியத் தொடங்கும். அதே முகத்துக்கு நாற்பத்தைந்து பாகையில் வெளிச்சம் வந்தபோது என்ன, பக்கத்திலிருந்து வந்தபோது என்ன என்று இரண்டு படத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அடுத்த முறை அறிமுகமில்லாத ஒருவரின் வீட்டுக்குள் நுழையும்போது, கதிரையை எங்கே போடுவது என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். பிறகு கண்ணெல்லாம் ஆளிடம் இருக்கலாம். பழகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் அம்மாவையோ அப்பாவையோ அயலிலுள்ள ஒரு கடைக்காரரையோ சொல்வேன். ஒரு வருசம் அவரை மட்டும் எடுங்கள்.

ஆளோடு இருப்பது எப்படி என்பதற்கு விதி எழுத முடியாது, ஆனால் சிலது சொல்லலாம். சிரியுங்கள் என்று கேட்காதீர்கள், பல்தான் வரும். கேள்வி கேளுங்கள், அதுவும் கையால் காட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி: “இந்த வீடு கட்டேக்க கிணறு எங்க இருந்தது?” “வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது?” கண் ஒரு இடத்தைத் தேடிப் போகும், கை எழும்பும், கழுத்து திரும்பும். அந்த அசைவில் இரண்டு மூன்று படம் இருக்கிறது. கைக்கு வேலை கொடுங்கள். வலை பொத்துகிறவர் கையில் ஊசி இருக்கட்டும், தேங்காய் துருவுகிறவர் துருவட்டும். வெறும் கை மடியில் கிடந்தால் ஆளுக்கே அந்தரமாக இருக்கும்.

அம்மம்மாமார் “பவுடர் பூசிட்டு வாறன், இரு” என்று உள்ளே போவார்கள். தடுக்க வேண்டாம். பவுடர் பூசின முகம் படத்தில் சாம்பலாகத்தான் வரும், பரவாயில்லை. அது அவர் உலகத்துக்குக் காட்ட விரும்புகிற முகம், அதை மரியாதையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு தேத்தண்ணி வரும். குடித்து, வியர்த்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்த பிறகு இரண்டாவது படம்.

இது காயப்பட்ட ஊர். பிள்ளைகள் எத்தனை பேர் என்று சாதாரணமாகக் கேட்கிற கேள்விக்குச் சில வீடுகளில் பதில் வர நேரமாகும். அப்படி ஒரு கதை தொடங்கினால் கமராவைக் கீழே வைத்துவிடுவேன். அழுகிற முகம் வலுவான படம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. கேட்டு முடித்து, எழும்பி வந்துவிட்டு, இன்னொரு நாள் போகலாம். மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் வீடுகளில் பெண்களைப் படமெடுப்பதற்கு முதலில் அவர்களிடம், பிறகு வீட்டாரிடம் கேட்பேன். சிலர் தலையை மூடிக்கொண்டு சந்தோசமாக இருப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். தையற்கடை வைத்திருக்கும் ஒரு காக்கா, அதாவது அண்ணன், “என்னை எடுங்க தங்கச்சி, உம்மாட கையை மட்டும் எடுங்க” என்றார். ஊசியில் நூல் கோர்க்கிற அந்தக் கையும் முகப்படம்தான் என்று நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுப்பதில்லை. கேட்டு எடுத்தாலும் இணையத்தில் போடுவது வேறு சம்மதம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

படம் ஆளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும், போனில் அல்ல, தாளில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, தோலின் நுணுக்கத்தை நசித்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளுக்கு 2400க்கு 3000 புள்ளிகள் இருந்தால் நல்ல தெளிவாக வரும், இன்றைய சாதாரணப் போனிலேயே அது உண்டு. கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் பளபளப்புத் தாள் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மங்கல் தாளில் அச்சிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஒரு அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். பெயரும் திகதியும் பின்னால் பென்சிலால்.

கொடுக்கும்போது இரண்டு மூன்று படத்தைப் பரப்பி வைத்து ஆளையே தெரிவுசெய்ய விடுவேன். நான் விரும்பினதை அவர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. எனக்குப் பிடித்தது யோசனையில் இருக்கிற முகம், அவர்களுக்குப் பிடித்தது நிமிர்ந்த முகம். அவர்கள் தெரிவுசெய்ததைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் கொடுக்கிறேன். வருசம் கழித்துப் போகும்போது சிறியது சட்டகத்துக்கு மாறியிருப்பதும் உண்டு.

இப்போது என் முன்னால் இருக்கிற வேலை இரண்டு பேர் படம். கலியாணத்தன்று மணவறையில் இருந்தபிறகு இருவராகச் சேர்ந்து ஒரு படமும் எடுக்காத வயதான சோடிகள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பக்கத்தில் நிற்கச் சொன்னால் நடுவில் ஒரு ஆள் புகுந்துபோகிற இடைவெளி விடுவார்கள், அல்லது ஐயா கதிரையில் இருப்பார், அம்மா பின்னால் நிற்பார். தோளில் கை போடச் சொல்லி அவர்களை வெட்கப்படுத்த எனக்கு மனமில்லை. ஒரே வாங்கில் இருத்தி, நடுவில் ஒரு சுளகு வைத்து முருங்கையிலை ஆயச் சொல்வதாக இருக்கிறேன். குனிந்த இரண்டு தலையும் தானாகக் கிட்ட வரும். இரண்டு முகமும் கூர்மையாக வர எஃப் 5.6, கண்கள் நான்கும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி வாங்கைத் திருப்ப வேண்டும், யன்னல் ஐயாவின் பக்கம் என்றால் அம்மாவின் பக்கம் ரெஜிபோம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சில வீடுகளில் சம்மதம் வாங்கியாயிற்று. வாடை தொடங்கியதும் போகிறேன்.